துடுப்பின் ஒலி கேட்ட ஆசான்

அசையாத பலகையின்மேல் அமர்ந்து, முதுகை நிமிர்த்தி இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் வீசித் துடுப்பு வலிப்பதே நெடுங்காலம் இங்கிலாந்தின் முறையாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கும் படகுப் பந்தயத்தில் நகரும் இருக்கை 1873இல் புகுந்தது. ஆயினும் இருக்கை மாறிய பின்னும் சாஸ்திரம் மாறவில்லை என்பதுதான் விசித்திரம். கால்களால் உந்துவதற்கென்றே அமைத்த இருக்கையில் அமர்ந்துகொண்டு, பழைய பலகையில் இருந்தவர்களைப் போலவே உடம்பை வீசவேண்டுமென்று வற்புறுத்திய வைதிகர்களை எதிர்த்து நின்று, அவர்களுடைய பகையை வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்டவர் ஸ்டீவ் ஃபேர்பெய்ர்ன்.

1862இல் மெல்போர்னில், ஆட்டுப் பண்ணைகளால் செல்வம் கண்ட குடும்பத்தில் பிறந்த அவர், 1881இல் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்து, 1882, 1883, 1886, 1887 ஆகிய நான்கு ஆண்டுகளில் பல்கலைக்கழகப் படகில் இடம் பெற்றார். முதல் இரண்டில் தோல்வி, பின்னிரண்டில் வெற்றி. பிறகு தாய்நாடு சென்று பண்ணை பார்த்தார். நாற்பது வயதைக் கடந்து மீண்டும் இங்கிலாந்து வந்து, பழைய கல்லூரியின் இளைஞர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவருடைய பெயர் நாடறிந்த பெயராயிற்று.

மற்ற ஆசிரியர்கள் முதுகையும் தோளையும் நோக்கிக் குற்றம் கண்டிருக்க, இவரோ துடுப்பின் அலகு நீருக்குள் என்ன செய்கிறது என்பதையே நோக்கினார். வேலை செவ்வனே நடக்குமாயின் அதற்கேற்ற உருவத்தை உடம்பு தானே அடைந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரைப் பற்றும்போது அவற்றின் தாங்கிகளிலிருந்து எழும் ஒலியை மணியின் நாதம் என்றே அவர் குறிப்பிடுவார். சுருதி சேர்ந்ததை வித்துவான் செவியால் அறிவதுபோல, படகு சரியாக ஓடுவதை அந்த ஒலியால் அறியலாம் என்பது கருத்து. அவருடைய மாணாக்கர் வலிப்பதில் அழகில்லை என்று எதிர்க்கட்சியார் ஏளனம் செய்தனர். அதில் சிறிது உண்மையும் இருந்திருக்கலாம். ஆசான் சொன்னதில் பாதியைக் கேட்டுக்கொண்டு, முதுகை வளைப்பதே முறை என்று புறப்படும் சீடர்கள் எந்தக் கலையில்தான் இல்லை?

பல மைல் வலித்தாலன்றித் தேர்ச்சி வராது என்று நம்பிய அவருக்கு, குளிர்காலத்தில் இளைஞர்களை ஆற்றில் இறக்குவதே பெரும்பாடாக இருந்தது. அதற்கோர் உபாயமாக, தேம்ஸ் ஆற்றில் மார்ட்லேக்கிலிருந்து பட்னி வரை, வற்றத்தோடு நாலேகால் மைல் ஓடும் பந்தயமொன்றை 1926 டிசம்பரில் ஏற்படுத்தினார். அத்தனை படகுகளையும் ஒரே வரிசையில் நிறுத்த ஆற்றில் இடமேது? ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைப் புறப்படவிட்டு, கடிகாரத்தைக் கொண்டு வெற்றி தோல்வி தீர்மானிக்கப்பட்டது. 20க்கு மேற்பட்ட படகுகள் கலந்துகொண்ட முதல் பந்தயத்தில், அவரே பயிற்சியளித்த லண்டன் ரோயிங் கிளப் முதலிடம் பெற்றது. பயிற்சிக்குத் தூண்டிலாக இட்ட அப்பந்தயத்துக்குப் பிற்காலத்தில் 400 படகுகள் வரை திரண்டு வரலாயின.

1938இல் அவர் மறைந்தார். அஸ்தி ஜீசஸ் கல்லூரியில் அடக்கம் செய்யப்பட்டது. பட்னியில் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் பந்தயம் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மைல் தொலைவில், தேம்ஸ் கரையில் அவர் நினைவாகக் கல்தூண் ஒன்றை 1963இல் நாட்டினர். வைதிகர்களின் கோட்டையாக இருந்த அதே பந்தயத்தில், முதல் மைலுக்கான நேரத்தை இன்று அந்தத் தூணருகேதான் குறிக்கிறார்கள்.