வெறும் பெயர்ப் பட்டியலா? ரோமர் 16 காட்டும் ஆதிச் சபை உறவுகள்

ஆதிக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்பாட்டு விவாதங்களிலிருந்தே தொடங்குகின்றனர். எவர் வீட்டில் கூடினர், எவர் ஆதரவில் இயங்கினர், ஒருவரையொருவர் எவ்வாறு அழைத்தனர் என்னும் கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன. இவற்றுக்கு விடைதரும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, பவுல் ஏறத்தாழ கி.பி. 57இல் கொரிந்துவிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரம். வாசிப்போர் பலரும் பெயர்ப் பட்டியல் எனக் கடந்துபோகும் பகுதி அது.

இவ்வதிகாரம் எபேசுவுக்கு அனுப்பப்பட்ட தனிக் கடிதம் என்ற கருத்து ஒரு காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. இன்று பெரும்பாலான அறிஞர் அதை ஏற்பதில்லை. பவுல் அதுவரை ரோமாபுரியைக் கண்டதில்லை. அங்குள்ள சபையை அவர் நிறுவவுமில்லை. அறிமுகமற்ற நகரில் தம்மை ஏற்கச் செய்ய அவருக்கு இருந்த பற்றுக்கோடு தனிமனித உறவுகளே. பட்டியல் நீண்டதற்குக் காரணம் இதுவே.

அதில் 26 பேர் தனித்தனியே வாழ்த்தப்படுகின்றனர். 24 பேர் பெயரால் சுட்டப்பட, ரூப்பின் தாயும் நேரேயின் சகோதரியும் உறவுமுறையால் மட்டும் சுட்டப்படுகின்றனர். மொத்தத்தில் 9 பேர் பெண்கள். பவுல் தம் சொந்த ஊழியத்தைக் குறிக்க ஆளும் 'பாடுபட்டு உழைத்தல்' என்னும் கிரேக்க வினை இப்பட்டியலில் நால்வருக்கே வழங்கப்படுகிறது: மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். நால்வரும் பெண்கள்.

பெயர்கள் சமூகநிலையையும் காட்டுகின்றன. ரோமானியக் கல்வெட்டுகளோடு இவற்றை ஒப்பிட்ட பீட்டர் லாம்பே, இவற்றுட் பல அடிமைகளிடையேயும் விடுதலை பெற்ற அடிமைகளிடையேயும் மிகுதியாக வழங்கியவை என நிறுவினார். அரிஸ்தொபூலு, நர்கீசு ஆகியோரின் வீட்டார் வாழ்த்தப்படுகின்றனர். வீட்டுத் தலைவர்கள் வாழ்த்தப்படவில்லை. தலைவனின் மதத்தைப் பின்பற்றுவதே வழக்கமான ஒரு சமூகத்தில், அவ்வீட்டு அடிமைகள் வேறோர் உறவுவட்டத்தை அமைத்துக்கொண்டனர் என்பதற்கு இது குறிப்பிடத்தக்க சான்று.

அவ்வட்டத்தின் மொழி குடும்ப மொழி. ரூப்பின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார் பவுல். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கிலவுதியு பேரரசனின் ஆணையால் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். கொரிந்துவில் பவுலோடு ஒரே வீட்டில் தங்கி, கூடாரம் செய்யும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். தம் உயிரைக் காக்க அவர்கள் தங்கள் உயிரையே பணயம் வைத்ததை இங்கே அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். கடிதத்தை எழுதிய தெர்தியு கூட, சொல்வதை எழுதும் கையாக மட்டும் நில்லாமல், தம் பெயரில் ஒரு வாழ்த்தைச் சேர்க்கிறார்.

ஆயின் பின்வந்த தலைமுறைகள் இவ்வுறவுகளை உள்ளபடியே காக்கவில்லை. அப்போஸ்தலருள் புகழ்பெற்றவராகக் குறிக்கப்படும் யூனியாவை 4ஆம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம் பெண்ணாகவே கொண்டு போற்றினார். பிற்கால உரையாசிரியர் சிலர் அவரை ஆணாக்கினர். நெஸ்லே பதிப்பு 1927இல் ஆண்பால் வடிவத்தை அச்சிட்டது. 1998இல்தான் பெண்பால் வடிவம் மீண்டது. அந்த ஆண்பெயருக்குப் பண்டைய கல்வெட்டுகளில் சான்றே இல்லை. கெங்கிரேயாவின் பெபேயாளுக்குப் பவுல் தரும் 'தியாக்கொனோஸ்' என்னும் சொல், நம்மிடையே பரவலாக வழங்கும் தமிழ் வேதாகமத்தில் 'ஊழியக்காரி' என வருகிறது. பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் அதே சொல்லின் பன்மை 'உதவிக்காரர்' என்னும் பதவிப் பெயராகிறது. பலரைப் புரந்த புரவலரைக் குறிக்கும் சொல்லோ 'ஆதரவாயிருந்தவள்' எனத் தணிகிறது.

இவ்வைக்கியத்தை இலட்சியப்படுத்துவதும் பிழையே. இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கொரிந்துச் சபையின் பொதுப் பந்தியில் சிலர் பசித்திருக்க, வேறு சிலர் உண்டு வெறித்திருந்தனர். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். வசதி படைத்தோரின் வீடுகளே கூடுமிடங்களாக இருந்தமையால், அவ்வீடுகளின் படிநிலையும் சபைக்குள் நுழைந்தது. அடிமையைச் சகோதரன் என்றழைத்த சபைகள் அடிமைமுறையை ஒழிக்க முற்படவில்லை.

எனவே ரோமர் 16 சமத்துவம் நிறைவேறியதற்கான சான்றன்று. சட்டமும் வழக்கமும் தாழ்வில் வைத்தோரைப் பெயர்சொல்லி அழைத்து, அவர்தம் உழைப்பைப் பொதுவில் ஏற்ற ஒரு பழக்கத்தின் சான்று அது. அச்சமூகங்களை ஆராய்வோர் கோட்பாட்டு அதிகாரங்களுக்குத் தரும் கவனத்தை இப்பட்டியலுக்கும் தருதல் வேண்டும்.