தரகரை விரட்டியவரின் வாரிசுகள்

பந்தும் பணமும் - 17

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு பி.வி. ராவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செய்தித்தாளின் ஒரு மூலையில் தினமும் 'நாமக்கல் மண்டல முட்டை கொள்முதல் விலை' என்று வருகிறதே, அதை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை முன்னின்று உருவாக்கியவர் அவர்தான். 1980களின் தொடக்கத்தில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே விழுந்தது. பெருநகர வியாபாரியும் தரகரும் வைத்ததே விலை. பண்ணைக்காரர் வாயைத் திறக்க முடியாது. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைக் கூட்டினார், பேசினார். 1982ல் குழு பிறந்தது. முட்டைக்கு விலை சொல்லும் உரிமை பண்ணைக்காரர் கைக்கு வந்தது.

1971ல் அவர் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் பிற்பாடு புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய குழுமமானது. 1990ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1996ல் காலமானார். பொறுப்பு மகள் அனுராதா தேசாய்க்கும், மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் இருவருக்கும் வந்தது. சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் நாம் பார்க்கும் 'வெங்கிஸ்' சிக்கன் இவர்களுடையது.

இந்தக் குடும்பம் 2010 நவம்பர் 19 அன்று இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை 2.3 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கியது. கிளப்பின் கடன் தனி; அதையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். பிரீமியர் லீக் கிளப் ஒன்று இந்தியர் கைக்குப் போனது அதுவே முதல் முறை. இங்கே நம் பத்திரிகைகள் பெருமைப்பட்டுக்கொண்டன. பெருமைப்படக் காரணமும் இருந்தது.

பிளாக்பர்ன் லங்காஷயரின் நெசவாலை நகரம். அந்த ஆலைகளின் தறிகளில் ஓடியதில் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணி. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சந்தை சுருங்கியதும் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி, பக்கத்து ஊரான டார்வெனுக்கு வந்து, தம் அன்னியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த தொழிலாளர்களையே நேரில் சந்தித்தார். அவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று சிரிக்கும் புகைப்படம் பலரும் பார்த்ததுதான். டார்வென் ஆறு ரோவர்ஸின் ஈவுட் பார்க் மைதானத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. பிளாக்பர்னில் மிஞ்சிய பெரிய சொத்தை எண்பது ஆண்டு கழித்து ஓர் இந்தியக் குடும்பம் வாங்கியது என்றால், வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

சொத்து என்பதில் மிகையில்லை. 1875ல் தொடங்கிய கிளப் அது. 1888ல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்று. எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றது. அப்புறம் நெடுங்காலம் தூங்கிக் கிடந்ததை எழுப்பியவர் ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் இரும்பு வியாபாரி. தம் நிறுவனத்தைச் சுமார் 33 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, சிறுவயதிலிருந்து ஆதரித்த கிளப்பை 1991ல் முழுதாகக் கையில் எடுத்தார். கென்னி டால்கிளிஷை மேனேஜராக அழைத்து வந்தார். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் பயிற்சி மட்டும் தருபவர் இல்லை. யார் ஆடுவது, யாரை வாங்குவது என்பதிலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. வாக்கர் பணத்தை வைத்தார், ஆட்டத்தை டால்கிளிஷிடம் விட்டார். ஆலன் ஷியரர் வந்தார், கிறிஸ் சட்டன் வந்தார். 1995ல் பிரீமியர் லீக் கோப்பையே வந்தது.

2000 ஆகஸ்டில் வாக்கர் இறந்தார். பிறகு பத்து ஆண்டுகள் அவரது குடும்ப அறக்கட்டளை கிளப்பை வைத்திருந்தது. இந்தப் பத்தாண்டை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. முன்பு போலப் பணம் கொட்டவில்லை. ஆனால் ஜான் வில்லியம்ஸ் தலைவராகவும் டாம் ஃபின் நிர்வாக இயக்குநராகவும் இருந்த அலுவலகம் கச்சிதமாக ஓடியது. யாரை எந்த விலைக்கு வாங்கலாம், யாரை எப்போது விற்கலாம் என்று தெரிந்தவர்கள் அவர்கள். சின்ன ஊர், நடுத்தர வரவு. அதை வைத்தே 2002ல் லீக் கோப்பையை வென்றார்கள். 2003லும் 2006லும் பிரீமியர் லீக்கில் ஆறாவது இடம் பிடித்தார்கள்.

புது உரிமையாளர்கள் வந்த நான்காவது வாரத்திலேயே, டிசம்பர் 13 அன்று, மேனேஜர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அணி அப்போது 13வது இடத்தில் இருந்தது. கடைசி மூன்று இடங்களுக்குள் விழுந்தால்தான் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ரோவர்ஸ் அதிலிருந்து ஐந்து புள்ளி மேலே. நான்காவது, ஐந்தாவது இடம் வேண்டும் என்று புனேயிலிருந்து பேச்சு வந்தது. பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோவுக்கு வலை வீசினார்கள். அவர் தம் நாட்டின் ஃபிளமெங்கோவுக்குப் போய்விட்டார். அலர்டைஸின் நாற்காலியில் அவரது பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீன் உட்கார்ந்தார். அதுவரை எந்த அணிக்கும் மேனேஜராக இருந்து பழகாதவர்.

இங்கேதான் தரகர்கள் வருகிறார்கள். கிளப்பை வாங்கும் பேரத்தில் வெங்கிஸுக்கு ஆலோசனை சொன்னது கென்டாரோ என்ற விளையாட்டு வணிக நிறுவனம். அதனுடன் சேர்ந்து இயங்கியவர் ஜெரோம் ஆண்டர்சன், இங்கிலாந்தின் பழுத்த வீரர் முகவர்களில் ஒருவர். ஸ்டீவ் கீனுக்கும் அவரே முகவர். அலர்டைஸின் நீக்கத்தில் தமக்குத் துளியும் பங்கில்லை என்று ஆண்டர்சன் மறுத்தார். மறுப்பை அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்து வந்த ஜனவரி மாத வீரர் சந்தையில் அவர் கிளப்புக்கு உதவினார் என்பது வெளிப்படை. ஒரு வீரரை விற்றாலும் வாங்கினாலும் தரகு கிடைக்கும் தொழிலில் இருப்பவரிடம், யாரை வாங்கலாம் என்று கேட்பதில் உள்ள ஆபத்து, முட்டை வியாபாரியிடமே முட்டைக்கு விலை கேட்டுப் பட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்து நின்றாரோ, அதே வாசலைப் பிள்ளைகள் வேறு தொழிலில் திறந்து வைத்தார்கள்.

அலுவலகத்தில் இருந்தவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். 2011 பிப்ரவரியில் வில்லியம்ஸ் விலகினார். பின்னாலேயே டாம் ஃபின்னும் நிதி இயக்குநர் மார்ட்டின் குட்மனும் போனார்கள். புனேயில் உரிமையாளர், ஈவுட் பார்க்கில் மேனேஜர், நடுவில் தொழில் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. மேனேஜர் மாற்றத்தைவிட இதுவே பெரிய சேதம்.

அந்த சீசன் கடைசி நாளில் வுல்வ்ஸை 3-2 என்று வென்று தப்பித்தார்கள். கோடையில் பதின்வயது தடுப்பாட்டக்காரர் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அடுத்த சீசனில் தோல்வி மேல் தோல்வி. அதற்கு நடுவில் அணி புனேக்குப் பறந்து காட்சி ஆட்டம் ஆடியது. ஓய்வறையில் வீரர்கள் உட்கார்ந்து வெங்கிஸ் சிக்கன் சாப்பிடும் விளம்பரமும் வந்தது. நாள் பார்த்துத்தான் வெளியிட்டார்களோ என்னவோ. ரசிகர்களின் கோபம் முழுவதும் கீன் மேல் இறங்கியது. சொந்த மைதானத்திலேயே அவர் வாங்கிய வசை அளவு மீறியது என்பதையும் சொல்ல வேண்டும். அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். டிசம்பர் 31ல் அதே அணி ஓல்ட் டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றது. அன்று சர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு எழுபதாவது பிறந்தநாள்!

அந்த வெற்றி காப்பாற்றவில்லை. 2012 மே 7 அன்று விகனிடம் சொந்த மண்ணில் 0-1 என்று தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். ஆட்டத்தின் நடுவே ரசிகர் ஒருவர், கிளப் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். உலகமெங்கும் அந்தப் படம்தான் ஓடியது.

அடுத்த சீசனில் நடந்தது தனிக் கூத்து. மலேசியாவின் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஷெபி சிங் 'உலகளாவிய ஆலோசகர்' ஆனார். டெரெக் ஷா நிர்வாக இயக்குநர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். செப்டம்பர் இறுதியில் கீன் விலகினார். அக்டோபர் இறுதியில் வந்த ஹென்னிங் பெர்க், 1995ல் கோப்பை வென்ற அணியின் ஆட்டக்காரர், 57 நாளில் வெளியே. ஜனவரியில் வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளில் வெளியே. தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டவர்களையும் சேர்த்தால் ஒரே சீசனில் ஐந்து பேர்.

பெர்க் மீதிச் சம்பளத்தைக் கேட்டு நீதிமன்றம் போனார். கிளப் முதலில் கடனை ஒப்புக்கொண்டது. அப்புறம் பின்வாங்கி ஒரு வாதம் வைத்தது: அப்படி ஓர் ஒப்பந்தம் போட எங்கள் நிர்வாக இயக்குநருக்கே அதிகாரம் இல்லை! பெயரில் மட்டும் நிர்வாகம் இருந்தது என்று ரசிகர்கள் இரண்டு ஆண்டாகக் கத்தியதைக் கிளப்பின் வக்கீலே நீதிபதி முன்னால் சொன்ன மாதிரி ஆயிற்று. 2013 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் 22.5 லட்சம் பவுண்ட் பெர்க்குக்குக் கொடுக்க வேண்டியதானது.

2017 மே 7 அன்று, சரியாக ஐந்து ஆண்டு கழித்து, ரோவர்ஸ் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. பிரீமியர் லீக் கோப்பையை வென்ற பிறகு அந்த ஆழத்துக்கு விழுந்த முதல் கிளப் அதுதான். டோனி மோப்ரேயிடம் பொறுப்பை விட்டு, அவரை அவசரப்படுத்தாமல் இருந்ததும் மறு ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் அவரை வைத்திருந்தார்கள். பாடம் கற்கவே இல்லை என்று சொல்ல முடியாது, தாமதமாகக் கற்றார்கள்.

கஞ்சர்கள் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. வாங்கியதிலிருந்து 20 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்புக்குள் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பல உரிமையாளர்கள் இதில் பாதி நஷ்டம் கண்டதுமே ஓடிவிடுவார்கள். பிற்பாடு அந்தப் பணவரத்துக்கும் தடை வந்தது. அமலாக்கத் துறை விசாரணையால், இங்கிலாந்துக்குப் பணம் அனுப்ப தில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த நெருக்கடியில் 2024ல் ஆடம் வார்ட்டன் என்ற பத்தொன்பது வயது உள்ளூர்ப் பையனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். சில மாதத்தில் அவன் இங்கிலாந்தின் யூரோ அணியில் இருந்தான்.

2012ல் விட்ட பிரீமியர் லீக் இடத்தை ரோவர்ஸ் மறுபடி பிடிக்கவில்லை. அடுத்த வாரம் மான்செஸ்டருக்குப் போவோம்: வாங்கப்படும் கிளப்பின் தலையிலேயே வாங்குவதற்கான கடனை ஏற்றிவைத்த கிளேசர் குடும்பத்தின் 2005ஆம் ஆண்டுக் கணக்கு.

(தொடரும்)