மன்னிப்பை எழுதிக் கொடுங்கள்!

கைராசிக்காரிகள் – அத்தியாயம் 14

2010 மே மாதம். சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவிலிருந்து அஃப்கோய்க்குப் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனை. ஹிஸ்புல் இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் அதை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே புகுந்து மயக்க மருந்துக் கருவிகளை உடைத்தார்கள். பதிவேடுகளைக் கிழித்துப் போட்டார்கள்.

மருத்துவமனையை நடத்தியவர் அறுபதைக் கடந்த ஒரு பெண். பெண்ணுக்கு, அதுவும் வயதானவளுக்கு, நிர்வாகம் எதற்கு, எங்களிடம் ஒப்படைத்துவிடு என்பது அவர்களின் கட்டளை. அவர் அசையவில்லை. பெண்தான், ஆனால் மருத்துவர். இந்த மக்களுக்கு நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அவர்தான் டாக்டர் ஹாவா அப்தி. அங்கிருந்த மக்களுக்கு ‘மாமா ஹாவா’. அவர்கள் வாயில் ‘மாமா’ என்றால் அம்மா.

உலக சுகாதார வரலாற்றைப் புரட்டினால் சோமாலியாவுக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. 1977 அக்டோபரில், மெர்கா நகரில், ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்குக் கண்ட பெரியம்மைதான் உலகில் இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. அந்த அலி மாவ் மாலின் பெயர் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அதே மண்ணில் பிரசவத்தில் மாண்ட பெண்களின் பெயர்களை எழுதிவைத்தவர் யார்?

அப்படி மாண்டவர்களில் ஒருவர் ஹாவாவின் தாய். 1947இல் மொகதிஷுவில் பிறந்த ஹாவாவுக்குத் தாய் போனபோது வயது 12. நான்கு தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தது. தாயைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லையே என்ற துயரம்தான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. சோவியத் அரசின் உதவித்தொகையில் 1964இல் கீவ் நகருக்குப் போனார். 1971இல் மருத்துவராகத் தேறினார். சோமாலியாவின் முதல் பெண் மகப்பேறு மருத்துவர் என்று நாடு பின்னாளில் அவரைக் கொண்டாடியது.

1972இல் மருத்துவம் பார்த்துக்கொண்டே சட்டமும் படிக்கத் தொடங்கினார். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்துவடிவம் கிடைத்ததும் அதே 1972இல்தான். கவிதை, வழக்கு, வம்சாவளி என எல்லாவற்றையும் நாவிலும் நினைவிலும் காத்துவந்த சமூகம் அது. வாய்ச்சொல்லுக்கு அங்கே பெரும் மதிப்பு. ஆனால் பெண்களின் உழைப்பு வாய்மொழியிலும் சீக்கிரம் மறக்கப்படும், காகிதத்திலும் ஏறாது. 1979இல் சட்டப் பட்டம் பெற்ற ஹாவாவுக்கு எழுத்தின் பலம் என்னவென்று தெரியும்.

1983இல் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஒரே அறையில் ஒரு கிளினிக் திறந்தார். ஆடு, ஒட்டகம் மேய்த்துத் திரியும் குடும்பங்களின் பெண்களுக்கு இலவசப் பிரசவம். 1991இல் அதிபர் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் கிளினிக்கைச் சுற்றி மரத்தடியில் தங்கினார்கள். அடுத்த ஆண்டு பஞ்சம். வீட்டிலிருந்த தங்கத்தை விற்று உணவு வாங்கிப் போட்டார் ஹாவா. இறந்தவர்களைப் புதைக்கக் குழி தோண்டுகிறவர்களுக்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே என்று அவர்களுக்கும் சேர்த்துச் சோறிட்டார்.

பிற்காலத்தில் அந்த நிலத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் 90,000 பேர்வரை இருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலத்துக்கு வாடகை இல்லை, தண்ணீருக்குக் காசு இல்லை. நிபந்தனைகள் இரண்டு. குலப் பிரிவினை பேசக் கூடாது. மனைவியை அடிக்கக் கூடாது. அடித்தவன் பண்டகசாலை அறைக்குள் பூட்டப்படுவான். குலத்தின் பேரால் ஒரு நாடே பற்றி எரிந்த காலத்தில் இந்த இரண்டு விதிகளும் எத்தனை பேரை உயிரோடு வைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தடுப்பூசியும் குடிநீரும் போலவே, வன்முறை இல்லாத வீடும் பொது சுகாதாரம்தான் என்பதை ஹாவா நடத்திக் காட்டினார். இதைத் தலைமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

முற்றுகைக்குத் திரும்புவோம். முகாமின் பெண்கள் திரண்டுவந்து துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று குரல் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் வாழும் சோமாலியர்களிடமிருந்தும் கண்டனம் குவிந்தது. ஒரு வாரத்தில் ஆயுதக் குழு பின்வாங்கியது. உயிர் பிழைத்ததே போதும் என்று வேறொருவர் பெருமூச்சு விட்டிருப்பார். ஹாவா விடவில்லை. செய்த தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றார். வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

உலக ஊடகங்களின் பார்வை அவர்மேல் பெரிதாகத் திரும்பியது அதன் பிறகுதான். 2012இல் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒற்றை அறையில் முதல் பிரசவம் பார்த்து அப்போதே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சோமாலியப் பெண்களை உதவி பெறும் கைகளாக மட்டுமே பார்த்துப் பழகிய உலகம், அந்தக் கைகள் ஒரு நகரத்தையே தாங்கிக்கொண்டிருந்ததைக் காணத் துப்பாக்கிகள் வரவேண்டியிருந்தது. விருதைவிட அவர்களுக்குத் தர வேண்டியது முடிவெடுக்கும் மேசையில் ஓர் இடம். அகதி முகாமுக்கு எத்தனை மருத்துவச்சிகள், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும்போது, அங்கே பிரசவம் பார்த்தவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

2020 ஆகஸ்ட் 5 அன்று மொகதிஷுவில் ஹாவா அப்தி காலமானார். அவருடைய மகள்கள் டெகோவும் அமினாவும் மருத்துவர்கள். தாயின் வழியில் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டவர்கள்.

ஆயுதக் குழு கிழித்துப் போட்ட பதிவேடுகளில் எத்தனை தாய்மார்களின் பெயர்கள் இருந்தனவோ! அந்தப் பெயர்களை எழுதி வைத்திருந்ததும் ஹாவாவின் மருத்துவமனைதான். பிரசவத்தில் போன தன் தாயை எந்தக் கணக்கும் குறித்துவைக்காத நாட்டில், அந்த மகள் காகிதத்தைக் கேட்டு வாங்கியதற்கு அர்த்தம் உண்டு.

(அடுத்த வாரம்: ஹர்கெய்சாவில் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தில், தன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு 2002இல் மகப்பேறு மருத்துவமனை திறந்த எட்னா அதான் இஸ்மாயில்)