உயிர் காலேஜ்

சேலம், நாமக்கல் பக்கத்து முதியவர்கள் தம் இளமைக்காலச் சென்னைப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு ‘காலேஜ்’களைக் குறிப்பிடுவார்கள். ஒன்று செத்த காலேஜ். மற்றொன்று உயிர் காலேஜ். இரண்டிலும் பாடம் நடந்ததில்லை. பட்டம் கொடுத்ததும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்திற்கும், சென்ட்ரல் நிலையத்திற்கு அருகில் இருந்த மிருகக்காட்சிசாலைக்கும் பாமர மக்கள் இட்ட பெயர்கள் அவை. பாடம் செய்து வைத்த உடல்கள் இருந்த இடம் செத்த காலேஜ். மூச்சுவிடும் பிராணிகள் இருந்த இடம் உயிர் காலேஜ். இரண்டாவது முதலாவதன் வளாகத்தில் பிறந்தது என்பதையும், இரண்டாவதன் முதல் ஏட்டில் ஒரு முஸ்லிம் நவாபின் பெயர் இருப்பதையும் நம்மில் பலர் அறியோம். அறிய வேண்டிய வரலாறு அது.

சென்னை அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. ‘காலேஜ்’ என்னும் பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது போலும். பின்னர் அது எழும்பூர் பாந்தியன் கட்டடத்திற்கு மாறியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். பார்ஸியும் ஹிந்துஸ்தானியும் கற்றவர்; 1850இல் திருவல்லிக்கேணியில் முகமதியன் பொது நூலகம் அமையக் காரணமாக இருந்தவரும் அவரே. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நூறு பொருள்களைவிட, உயிருள்ள ஒரு விலங்கைப் பார்க்கவே மக்கள் திரளாக வருகிறார்கள் என்பதை அவர் கண்டார். கர்நாடக நவாபின் அரண்மனையில் இருந்த விலங்குகளின் நினைவு அவருக்கு வந்தது. நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கானை அணுகிக் கேட்டார். நவாப் தம் விலங்குகள் அனைத்தையும் கொடுத்தார். அது 1855ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டில் பாந்தியன் வளாகத்தில் 300க்கு மேற்பட்ட உயிர்கள் இருந்தன.

கௌஸ் கான் வெறும் பட்டத்து நவாப் அல்லர். ‘அஃளம்’ என்ற புனைபெயரில் கவிதை இயற்றியவர்; கவிஞர்களின் வரலாறுகளைத் தொகுத்தவர்; சென்னையின் மதரஸயே அஃளம் அவர் பெயரால் விளங்குவது. விலங்குகளைக் கொடுத்த அதே 1855ஆம் ஆண்டு அக்டோபரில், தமது 31ஆம் வயதில் அவர் காலமானார். மகன் இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கும்பினியார் நவாப் பதவியையே ஒழித்தனர். சேப்பாக்கம் அரண்மனையும் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அரசு மறைந்தது, அரண்மனை கைமாறியது, அரண்மனையிலிருந்து வெளியே வந்த விலங்குகள் மட்டும் ஊர் மக்களின் பொதுச் சொத்தாக நின்றன. கொடுத்ததே நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விலங்குகளைச் சேர்த்து வைப்பது அரசர்களின் பழைய வழக்கம். ஹிஜ்ரி 305இல், அதாவது கி.பி. 917இல், கலீஃபா முக்ததிரின் பக்தாது அரண்மனைக்கு ரோமப் பேரரசரின் தூதர்கள் வந்தபோது, வலப்புறம் 50, இடப்புறம் 50 என 100 சிங்கங்களை நிறுத்தி அவர்களை மலைக்கச் செய்தார்கள் என்று கதீப் பக்தாதி எழுதுகிறார். 1621இல் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அதன் கோடுகள் யாரோ தீட்டிய சாயமோ என்று ஐயுற்றுச் சோதித்துப் பார்த்த பிறகே அவர்கள் நம்பினார்கள். ஓவியர் மன்ஸூர் அதனை வரைந்தார்.

அரசர்கள் பெருமைக்காகச் சேர்த்தார்கள். அறிஞர்கள் அறிவுக்காகப் பார்த்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் ஜாஹிழ் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலை எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தின் தமீரி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலை அகர வரிசையில் தொகுத்தார். பிராணியின் பெயர், இயல்பு, அதைப் பற்றிய மார்க்கச் சட்டம் என அவர் தரும் செய்திகள் பல. இந்த இரு பார்வைகளும், அதாவது பெருமையும் அறிவும், சென்னையின் உயிர் காலேஜுக்குள்ளும் கூடவே வந்தன.

1860களின் தொடக்கத்தில் இந்தத் தொகுதி பாந்தியனை விட்டுச் சென்ட்ரல் நிலையத்தின் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. நகராட்சி அதன் பொறுப்பை ஏற்றது. அந்தப் பூங்கா முழுவதுமே 116 ஏக்கர்தான். அதற்குள் குளங்கள், பாதைகள், பாண்டு வாசிக்கும் மேடை எல்லாம் இருந்தன. அவற்றிற்கு நடுவே கூண்டுகள். பெயரும் மாறியது; ‘மிருகக்காட்சிசாலை’ என்றார்கள். இந்தச் சொல்லைக் கவனியுங்கள். காட்சிதான் இங்கே முதன்மை. பார்ப்பவன் வசதியாகப் பார்க்க வேண்டும். ஆகவே விலங்கு கம்பிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒளிந்துகொள்ள அதற்கு இடம் இருக்கக் கூடாது. எத்தனை வகை இருக்கிறது என்பதே அந்நாளைய காட்சிசாலைகளின் பெருமை. சிங்கம் இறந்தால் வேறொரு சிங்கம் வரும். காடு வற்றாது என்று உலகமே நம்பியிருந்த காலம் அது.

நான் அங்கே சென்றது 1970களின் இறுதியில். அத்தாவுடன் சேலத்தில் இரவு வண்டி ஏறி, விடியற்காலை சென்ட்ரலில் இறங்கினோம். காட்சிசாலை நடந்து போகும் தொலைவுதான். ஒரு கூண்டின் மூலையில் கரடி ஒன்று முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. கூட்டத்தில் சிலர் அதை எழுப்பக் கடலையை வீசினார்கள். நான் கீழே கிடந்த ஒரு சிறு கல்லைப் பொறுக்கினேன். அத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். “நம்ம கொல்லிமலைப் பக்கம் திரியுமே, அந்தக் கரடிதான் இது. அங்கே நீ கல்லை எடுத்தால் ஓடப்போவது நீ. இங்கே அதுக்கு ஓட இடமில்லை, தம்பி” என்றார். கல் என் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சொல் இன்னும் விழவில்லை.

பின்னர் மதரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதியபோது அத்தாவின் சொல் வேறு வடிவில் எதிரே வந்தது. பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், பூமியில் தானாக இரை தேடவும் விடாமல் சாகச் செய்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதே நூல்களில், அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னஞ்சிறு குருவியைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தியும் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மார்க்க அறிஞர்கள், பிராணியை அடைத்து வளர்க்கலாம். ஆனால் அடைத்தவன் தலையில் அதன் பசியும் நோயும் கடமையாக ஏறிவிடுகின்றன என்று முடிவு கூறினார்கள். கூண்டின் கதவைப் பூட்டும் கை, பொறுப்பையும் சேர்த்தே பூட்டிக்கொள்கிறது.

அந்தப் பொறுப்பு கைவிடப்பட்ட ஒரு வேளை சென்னையின் வரலாற்றில் உண்டு. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் படையெடுத்து வருகிறார்கள் என்ற அச்சத்தில் நகரமே காலியாகிக்கொண்டிருந்தது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். காட்சிசாலையின் ஊனுண்ணி விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. படையெடுப்போ நடக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றதோடு சரி. போர்க்காலத்து அதிகாரிகளுக்கு மக்கள் உயிரே முதன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், காட்டிலிருந்து பிடித்து வந்ததும் மனிதன். ஓட இடமில்லாமல் அடைத்ததும் மனிதன். அச்சம் வந்தபோது சுட்டதும் மனிதன். அவ்விலங்குகள் செய்த குற்றம் யாது?

மாறுதலுக்கு வித்திட்டது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். காட்டு விலங்கை விரும்பியவர் பிடித்து விற்கவும் வாங்கவும் இருந்த வழி அடைபட்டது. மறுபுறம், நகரம் பெருகிப் பீப்பிள்ஸ் பார்க்கை நெருக்கியது. ஓசையும் புகையும் சூழ்ந்தன. 1979இல் வண்டலூர் காப்புக் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு மே மாத இறுதியில்தான் பழைய காட்சிசாலையின் அண்டை வீடான மூர் மார்க்கெட் தீக்கிரையானது. ஒரு காலம் முடிந்தது என்பதற்கு இரண்டு அடையாளங்கள்.

வண்டலூரில் கம்பிக்குப் பதில் அகழி வந்தது. விலங்குக்கு மரமும் நிழலும் புதரும் கிடைத்தன. பார்க்கப் போனவர்கள், “புலி கண்ணில் படவே இல்லை” என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். விலங்குக்கு ஒளிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது என்பதே அதன் பொருள் என்பது பிறகுதான் புரிந்தது.

தோட்டத்தின் உருவம் மட்டுமா மாறியது? உள்ளே இருக்கும் விலங்குகளின் பட்டியலே மாறியது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன்பின், எத்தனை வகை என்ற கேள்வியோடு, எப்படி வந்தது, என்ன நோக்கம் என்ற கேள்விகளும் எழுந்தன. காட்டிலிருந்து பிடித்தவை குறைந்து, தோட்டங்களிலேயே பிறந்தவையும் வேறு தோட்டங்களோடு மாற்றிக்கொண்டவையும் பெருகின. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கை வளர்த்து இனம் பெருக்கும் பணியில் வண்டலூர் முதலிடம் ஏற்றது. 1998இல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் ஆட்டுவிப்பதை அரசு தடைசெய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. வேலையிழந்த சர்க்கஸ் சிங்கங்கள் எங்கே போகும்? அவற்றிற்கென அமைந்த மீட்பு மையங்களில் ஒன்று வண்டலூர். ஆப்பிரிக்கச் சிங்கமும் கிர் காட்டுச் சிங்கமும் கலந்து பிறந்த அவற்றால் இனத்துக்குப் பயன் ஏதும் இல்லை. காட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. வயது முடியும்வரை சோறு போடுவது மட்டுமே அங்கே நோக்கம். ‘மிருகக்காட்சிசாலை’ என்ற சொல் இங்கே பொருந்துமா?

பழைய ஆசை அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இன்றும் பெருங்கூட்டம் கூடுவது வெள்ளைப் புலியின் முன்னால்தான். அது தனி இனமன்று. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியின் வழியில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வளர்க்கப்பட்ட நிற வேறுபாடு. கூட்டம் கேட்பதைக் காட்டுவதா, அழிவதைக் காப்பதா என்னும் இழுபறி இன்னும் தீரவில்லை.

ஆனால் சோதனை வந்த வேளையில் வேறுபாடு தெரிந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. தோட்டம் மூடப்பட்டது, யாரும் துப்பாக்கியைத் தேடவில்லை. 2021 ஜூனில் கொரோனா அங்கிருந்த சிங்கங்களையும் பற்றியது. நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் மாண்டது. மற்றொரு சிங்கமும் மாண்டது. எஞ்சியவற்றுக்கு மருத்துவம் பார்த்துத் தேற்றினார்கள். 1942இல் தூக்கி எறியப்பட்ட பொறுப்பை 2021இல் சுமந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

நம் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், குரும்பப்பட்டியில் 1981இல் ஒரு சிறு பூங்கா தொடங்கப்பட்டது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதோ வண்டலூர் திறந்த அதே 1985இல். குரும்பப்பட்டியின் புள்ளிமானும் கடமானும் மயிலும் அரசனின் அவையை மலைக்க வைக்க மாட்டா. அவை நம் மலையின் அண்டை வீட்டார், அவ்வளவே. அதுவே அவற்றின் சிறப்பு என்பேன்.

பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர்களுக்கு ஓர் ஆசிரியனின் வேண்டுகோள். எத்தனை மிருகம் பார்த்தாய் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். இது இங்கே எப்படி வந்தது, இதற்கு ஓட இடம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். நவாபின் கையிலிருந்து நகராட்சிக்கும், நகராட்சியிடமிருந்து வனத்துறைக்கும் கைமாறி, நம் தலைமுறைக்கு வந்திருப்பது ஓர் அமானத். அமானத்தை ஒப்படைக்கும் நாளில் எண்ணிக்கையை மட்டும் கேட்க மாட்டார்கள். எப்படி வைத்திருந்தாய் என்றும் கேட்பார்கள்.