நிறுவன சுவிட்சுகளில் விளிம்புக் கணிமை

கணினி, கேமரா, உணரி ஆகியவை நேரடியாக இணையும் வலையமைப்பு சுவிட்சிலேயே செயலிகளை இயக்கும் முறை. 2017இல் வெளிவந்த சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9000 வரிசை இதற்குத் தெளிவான சான்று. அதன் 9300 வகையில் எக்ஸ்86 புரோசசர் உள்ளது; செயலிகள் டாக்கர் கொள்கலன்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு நினைவகம் தனியே ஒதுக்கப்படுகிறது. தரவுப் பொட்டலங்களைக் கடத்தும் வேலையை வேறொரு சில்லு பார்த்துக்கொள்வதால், செயலி முடங்கினாலும் போக்குவரத்து நிற்காது. இம்முறையின் உயிர்நாடியே இதுதான். சேமிப்புக்காகச் சுவிட்சின் பின்புறம் 120 ஜிபி எஸ்எஸ்டி பொருத்தலாம்.

இன்டெல் 1972இல் ஆலை தொடங்கிய பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். வெளி இணைப்பு அறுந்தாலும் இயந்திரத் தரவை அங்கேயே சலித்து வைக்கலாம். ஆனால் செயலிகளுக்கு ஒதுக்கப்படும் நினைவகம் சில ஜிபிதான். ஆகவே கனமான காணொளிப் பகுப்பாய்வுக்குத் தனி சர்வர் வேண்டும்.