கெடுவும் தேர்வும்

வீடியோ விளையாட்டில் காலம் ஆடுபவன் கையில் இருப்பதாக ஒரு மயக்கம் உண்டு. 1997-ல் இண்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட 'ஃபால்அவுட்', இந்த மயக்கத்தைக் கலைத்த முக்கியமான முயற்சி.

அணுயுத்தம் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2161-ல், ஒரு நிலவறைச் சமூகத்தின் நீர் சுத்திகரிப்பு யந்திரத்தில் ஒரு சில்லு பழுதாகிறது. 150 நாட்களுக்குள் மாற்றுச் சில்லு தேடி வர ஒருவன் வெளியே அனுப்பப்படுகிறான். அவன் எத்திசையிலும் போகலாம். யாருக்கும் உதவலாம், உதவாமலும் இருக்கலாம். ஆனால் ஊர் விட்டு ஊர் போக நாட்கள் கழியும். காயம் ஆறப் படுத்தாலும் கழியும்.

வணிகர்களுக்குப் பணம் கொடுத்து நிலவறைக்குத் தண்ணீர் அனுப்பினால் கூடுதலாக 100 நாட்கள் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வண்டிகளே எதிரிக்கு வழி காட்டிவிடும். சில்லு கிடைக்கும் ஊரிலும் சிக்கல்தான்: அதை அப்படியே எடுத்தால் அவ்வூராருக்குத் தண்ணீர் இல்லை; பழுதான பம்பைச் செப்பனிட்டுவிட்டும் எடுக்கலாம். இங்கே தேர்வு என்பது ஒன்றை இழக்கச் சம்மதிப்பது.

எதிரி நிலவறையை அடைய 500 நாட்கள் என்று இன்னொரு கெடுவும் இருந்தது. ஆடுபவர்கள் முணுமுணுத்தார்கள். திருத்தப் பதிப்பு அதை 13 ஆண்டுகளாக்கியது; அதாவது, எடுத்துவிட்டது.

பிறகு நடந்தது இதன் தொடர்ச்சி. பெதஸ்டா நிறுவனத்தின் 'டாகர்ஃபால்' (1996) ஏற்ற வேலைகளுக்கு நாள் குறித்தது. அதே நிறுவனத்தின் 'மாரோவிண்ட்' (2002), 'ஸ்கைரிம்' (2011) ஆகியவற்றில் மையக் கதை ஆடுபவனுக்காகக் காத்திருக்கிறது. உலகை விழுங்க வந்த டிராகன், நாம் பூப்பறித்து மருந்து காய்ச்சி முடிக்கும்வரை பொறுமையாக இருக்கிறது. பாத்திரங்கள் 'அவசரம்' என்கின்றன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்துவிட முடியுமென்றால் பெரும்பாலும் மிஞ்சுவது வரிசைதான், தேர்வு அல்ல.

கெடு அலைந்து திரியும் சுகத்தைக் கெடுக்கிறது என்ற வாதம் பொய்யல்ல. 2018-ல் 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' மறுபடி நாள் குறித்தபோதும் இதே குறைதான் எழுந்தது. திறந்த உலகின் கவர்ச்சியே காரணமின்றி நடப்பதில் இருக்கிறது. ஆனால் 'ஃபால்அவுட்' அலைவதைத் தடுக்கவில்லை. ஆடுபவன் வழிதவறி நடந்த ஒவ்வொரு நாளும் நிலவறையில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அனுபவம் என்று சொல்லத்தக்கது அங்கே நேர்ந்ததற்குக் காரணமும் அதுவே.