மீண்டும் அமர்வதே தியானம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. கி.பி. 919-இல் சபையார் கூடி ஒரு முறையை வகுத்தனர். அதில் குறை கண்டபோது 921-இல் மீண்டும் கூடித் திருத்தினர். 30 குடும்புகள், 35 முதல் 70 வரை வயது, 360 நாள் பதவிக்காலம் என அனைத்தையும் வரையறுத்துக் கல்லில் பொறித்தனர். பொதுக் காரியத்தை அவரவர் மனப்போக்குக்கு விட்டுவிடலாகாது. முதல் ஏற்பாடு குறைபட்டால் கலைந்து போகாமல் மறுபடியும் கூட வேண்டும். இவ்விரண்டும் அச்சபையார் நமக்கு விட்டுச்சென்ற பாடங்கள். உள்ளத்துக் காரியமாகிய தியானத்திற்கும் இவை பொருந்தும் என்பதைத் திருச்சபையின் வரலாறு காட்டுகிறது.

தியானம் செய்ய விரும்பியும் தொடங்க இயலாதோர் நம்மிடையே பலர். அவர்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் நான்கு. முதலாவது, நேரமின்மை. நடவும் அறுப்பும் தறியும் ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்தும் விடியலுக்கு முன்பே மனிதரை எழுப்பிவிடுகின்றன. இரண்டாவது, கண்ணை மூடியதும் கடனும் பிள்ளைகளின் படிப்பும் வரப்புத் தகராறும் கண்முன் வருதல். மூன்றாவது, நான்கு நாள் கழிந்ததும் தோன்றும் சலிப்பும் உறக்கமும். நான்காவது, இது நம் திருச்சபைக்குரியதுதானா என்னும் ஐயம். செபமாலையும் நவநாளும் அறிந்த நமக்கு மௌனம் அயல்நாடு போலத் தோன்றுகிறது.

முதல் மூன்று தடைகளும் புதியவை அல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவியர் இவற்றை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான எவாக்ரியுஸ், நண்பகலில் துறவியைத் தாக்கும் சலிப்பை விரிவாக வருணித்துள்ளார். கதிரவன் நகராதது போலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டது போலவும் தோன்றுமாம். யாரேனும் வருகிறார்களா என்று துறவி அடிக்கடி வெளியே பார்ப்பாராம். முடிவில் அந்த இடத்தின்மீதே வெறுப்புக் கொண்டு வேறிடம் தேடுவாராம். உலகைத் துறந்தவருக்கே இந்நிலை என்றால், குடும்பத்தைத் தாங்கும் நமக்கு மனம் அலைவது வியப்பன்று.

பதினாறாம் நூற்றாண்டின் அவிலா நகர்ப் புனித தெரேசா திருச்சபையின் மறைவல்லுநர். செபத்தின் ஆசிரியை எனப் போற்றப்படுபவர். அவரும் தம் வாழ்வில் சில ஆண்டுகள், செப நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஒலிக்குச் செவிசாய்த்துக் காத்திருந்ததைத் தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். எனினும் அவர் செபத்திற்குத் திரும்பினார், திரும்பியதனாலேயே ஆசிரியையானார். ஆகவே மன அலைச்சலும் சலிப்பும் நாம் தியானத்திற்குத் தகுதியற்றவர் என்பதன் அடையாளங்கள் அல்ல. அவ்வழியில் நடந்த எல்லாரும் கடந்த மைல்கற்களே அவை.

பாலைநிலத் துறவியர் இதற்கு ஒரு மருந்தும் கண்டனர். அவர்களைத் தேடிச் சென்று கற்ற யோவான் காசியன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உரையாடல்களில் அதனை விளக்குகிறார். துணைசெய்ய விரையுமாறு கடவுளை வேண்டும் திருப்பாடல் 70-இன் தொடக்க அடியை, வேலையிலும் ஓய்விலும் துன்பத்திலும் இன்பத்திலும் இடைவிடாது உள்ளத்தில் சொல்லிவருவதே அம்மருந்து. நினைவுகளோடு போரிட வேண்டியதில்லை. அந்த ஒரு சொற்றொடருக்குத் திரும்பினால் போதும். ஏழையும் எழுத்தறியாதவரும் கைக்கொள்ளத்தக்க எளிய வழி இது.

நான்காவது தடையாகிய ஐயம் எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்கு அண்மைக் கால வரலாறு ஒன்று உண்டு. அதில் தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்கு இருப்பதை நம்மில் பலர் அறியோம். மலாயாவில் வாழ்ந்த தமிழ்த் துறவி சுவாமி சத்தியானந்தா, கோலாலம்பூருக்கு அருகே சுத்த சமாஜத்தை நிறுவி, ஆதரவற்ற சிறுவர்களைப் பேணிவந்தார். 1950-களின் நடுவில், ஆங்கில அரசின் குடியேற்ற நாட்டுப் பணியில் இருந்த டக்ளஸ் மெயின் என்னும் கத்தோலிக்க இளைஞர் அலுவல் நிமித்தம் அவரைச் சந்தித்தார். சுவாமியின் அமைதி அவரை ஈர்த்தது. தமக்குத் தியானம் கற்பிக்க இயலுமா என்று கேட்டார். சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. கிறிஸ்தவராகிய அவர் கிறிஸ்தவச் சொல் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டும். காலையும் மாலையும் அரைமணி நேரம் அமர்ந்து அதனையே சொல்லிவர வேண்டும். வாரந்தோறும் வந்து தம்மோடு சேர்ந்து அமர வேண்டும் என்றார். இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று இளைஞர் கேட்கும்போதெல்லாம், சொல்லைச் சொல்லிவரும்படி கூறுவதே சுவாமியின் மறுமொழியாயிருந்தது.

1959-இல் அந்த இளைஞர் இலண்டனில் ஈலிங் நகர் ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து யோவான் என்னும் துறவறப் பெயர் பெற்றார். இத்தியானம் கிறிஸ்தவ முறை அன்று எனக் கருதிய நவதுறவியர் ஆசான், அதனைக் கைவிடுமாறு பணித்தார். அவர் கீழ்ப்படிந்தார். தம் செப வாழ்வு வறண்டதைப் பிற்காலத்தில் அவரே கூறினார். கிறிஸ்தவமல்லாத சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் அறிவித்தது. 1970-களில் வாசிங்டனில் பள்ளித் தலைவராயிருந்தபோது, கிறிஸ்தவ மறைஞானம் பற்றி வினவிய இளைஞர் ஒருவருக்கு வழிகாட்ட முனைந்தவர், பழைய நூல்களைப் புரட்டிக் காசியனிடம் வந்து சேர்ந்தார். தமிழ்த் துறவி மலாயாவில் கற்பித்தது, காசியன் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்ததற்கு நெருக்கமாயிருப்பதைக் கண்டார். அயலது எனத் தள்ளப்பட்டது தம் சொந்த வீட்டின் மறந்துபோன புதையல் என்று அறிய அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1975-இல் ஈலிங்கில் தியான இல்லம் தொடங்கினார், 1977-இல் கனடாவின் மொன்றியால் சென்றார், 1982-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணியிலிருந்து 1991-இல் உலகக் கிறிஸ்தவத் தியானக் குழுமம் உருவாயிற்று. அது தோன்றிய கருத்தரங்கை வழிநடத்தியவர், நம் தமிழகத்தில் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தில் வாழ்ந்த பீட் கிரிபித் அடிகள்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பவை எளியவை. நேரம் கிடைக்கும்வரை காத்திராமல் நேரத்தை முன்னரே வரையறுப்போம். அரைமணி அரிதாயின் பத்து நிமிடமாவது தொடங்குவோம். அடுப்பு மூட்டுமுன்போ, பேருந்துக்குப் புறப்படுமுன்போ, நாள்தோறும் அதே இடத்தில் அமர்வோம். இயேசுவின் திருப்பெயரோ, ஆண்டவர் வருகையை வேண்டும் 'மாரனாதா' என்னும் அரமேயச் சொல்லோ, ஒன்றைத் தெரிந்துகொண்டு மாற்றாமல் சொல்லிவருவோம். மனம் வரப்புக்குப் போனால் சினங்கொள்ளாமல் அழைத்து வருவோம். நூறு முறை போனால் நூறு முறை அழைத்து வருவோம். அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு முறையும் அன்பின் செயலே. உறக்கம் வந்தால் முதுகு நிமிர்ந்து அமர்வோம். தனியே தளர்ந்தால் வாரம் ஒருமுறை அன்பியத்தில் இருவர் மூவராய்ச் சேர்ந்து அமர்வோம். நேற்று தவறியதா? இன்று மாலை மீண்டும் தொடங்குவோம். நாம் அமரும்போது இறைவன் புதிதாக வருவதில்லை. அவர் முன்னரே நம்முள் காத்திருக்கிறார்.